விமானப் பொறியியலா, ரோபோட்டிக்ஸா: பணம் கட்டும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கணிதப் பிரிவில் பாஸாகி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போய், "ஏரோஸ்பேஸ் படிப்பதா, ரோபோட்டிக்ஸ் படிப்பதா" என்று வீட்டில் பேச்சு நடக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின் வேலை. எங்கள் சொந்தத்தில் டீச்சர்மார் இருக்கிறார்கள், ஒரு நர்ஸ் இருக்கிறார். பொறியியல் படித்தவர் எவரும் இல்லை. அதனால் இந்தத் துறைகளைப் பற்றி எனக்குக் கிடைத்த தகவல் எல்லாம் அதை விற்பவர்களிடமிருந்தே கிடைத்தது. ஏறக்குறைய 9 இலட்சம் ரூபாயும் ஒன்றரை வருடமும் போன பிறகுதான், விற்காத ஒருவர் எனக்கு வாய்த்தார்.

விண்வெளி ஆசை எனக்குச் சும்மா வரவில்லை. 2019 ஜூன் 17ஆம் திகதி, இலங்கையின் முதல் செய்மதியான இராவணா-1 சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது. ஒரு கிலோவை ஒட்டிய எடை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர் செய்தது. எங்கள் பௌதிகவியல் சேர் பத்திரிகைப் படத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டினார். அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. முதல் தடவை எழுதியது போதவில்லை. இரண்டாம் தடவை கொரோனா. பள்ளிக்கூடம் மூடியிருக்க, சிக்னல் பிடிக்க மேட்டு லயத்துக்கும் மேலே ஏறி, மழைக்கு ரெட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு இணைந்த கணிதம் படித்தேன். 2021 மே மாதம் பெறுபேறு வந்தது. மூன்று பாடமும் நல்ல பாஸ்தான், ஆனால் பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குக் கீழே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அதனால் கொழும்பு டியூசன் சேர் சொல்லும் வெட்டுப்புள்ளியைக் கேட்டு மனம் உடைந்துவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் உங்கள் மாவட்டத்துக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். இன்னும் ஒரு தடவை எழுத வாய்ப்பிருந்தால் அதை யோசியுங்கள். எனக்கு அந்தத் தெம்பு அப்போது இல்லை. ஊரில் "இன்னும் படிக்கிறாளா" என்று கேட்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அம்மாவுக்கு ஓய்வுபெற்று வந்த ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி) பணம் வங்கியில் கிடந்தது இன்னொரு பக்கம். அந்தப் பணம் இருப்பது, பிறகு என்னைப் படிப்பில் சேர்த்துவிட்டவருக்கும் பேச்சுவாக்கில் தெரிந்துபோனது.

கண்டியில் ஒரு கல்விக் கண்காட்சி. ஒரு மேசையில் ரொக்கெட் படம், பக்கத்து மேசையில் ரோபோ கை. ரொக்கெட் மேசையில் இருந்தவர் தமிழில் பேசினார், "தங்கச்சி" என்று கூப்பிட்டார், அப்பாவுக்கு நாற்காலி போட்டார். இரண்டு வருடம் கொழும்பில், பிறகு இரண்டு வருடம் வெளிநாட்டில், முடிவில் ஏரோஸ்பேஸ் பட்டம், வேலை கைமேல் என்றார். ரோபோட்டிக்ஸ் பற்றிக் கேட்டேன். "அது இப்ப எல்லாரும் செய்றாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பதிவுக் கட்டணம் 50,000 ரூபாய் அன்றைக்கே. முதல் வருடக் கட்டணம் 6 இலட்சம், தவணையில். மீதி இரத்மலானைப் பக்கம் போர்டிங், சாப்பாடு, பஸ், லெப்டொப். 2021 மார்ச்சில்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 9 இலட்சம் என்றால் முழுப் பேர் விழுந்த, அதாவது முழு நாட்சம்பளம் கிடைத்த, 900 நாள். அம்மா அதைக் கணக்குப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், அதுவும் எல்லாம் போன பிறகு, போர்டிங் அறையில் இருந்துகொண்டு. அன்றிரவு அழுத அழுகையை எவரிடமும் சொல்லவில்லை.

வகுப்பு தொடங்கிய பின்தான் ஒரு விஷயம் தெளிவானது. "விமானப் படிப்பு" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் தனித்தனியான மூன்று பாதைகள் இருக்கின்றன. ஒன்று விமானத்தையோ செய்மதியையோ வடிவமைக்கும் பொறியியல் பட்டம். காற்றியக்கவியல், உந்துவிசை, கட்டமைப்பு, பறப்பு இயக்கவியல் என்று கணிதம் கனமாக வரும். இரண்டாவது விமானப் பராமரிப்பு அனுமதிப்பத்திரம். ஐரோப்பிய முறையில் பார்ட்-66 என்பார்கள், இயந்திரப் பக்கம் பி1, மின்னணுப் பக்கம் பி2. இதற்குத் தொகுதி தொகுதியாகப் பரீட்சை எழுத வேண்டும், அதோடு உண்மையான விமானத்தில் கைவேலை அனுபவமும் வருடக் கணக்கில் வேண்டும். மூன்றாவது விமான நிலைய முகாமைத்துவம், டிக்கெட், கார்கோ போன்றவை. மூன்றும் மரியாதையான தொழில்கள். இரண்டாவதை முடித்து வளைகுடாவில் நன்றாக உழைக்கும் அண்ணன்மார் ஹட்டனிலேயே உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல, ஒன்றிலிருந்து மற்றதற்கு இலகுவாகத் தாவவும் முடியாது. எனக்கு நடந்த வகுப்புகளில் பாதிக்கு மேல் பராமரிப்புப் பாடங்கள். வடிவமைப்புக் கணிதம் "வெளிநாட்டில் வரும்" என்றார்கள். மாதிரி விமானத்தின் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் எங்கே என்று கேட்டதற்கு ஒரு வீடியோ காட்டினார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஏரோஸ்பேஸா ரோபோட்டிக்ஸா என்பது கிடையாது. படிப்பு முடிந்ததும் கையில் வரும் தாளில் என்ன எழுதியிருக்கும், அதை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அதிகாரசபை, இதைக் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாடப் பட்டியலை முழுதாக வாங்குங்கள், முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் தந்தால் போதாது. இரண்டாம் கட்டத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உங்களை எந்த வருடத்தில் ஏற்கும் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். நான் எழுதியபோது நாலு நாளில் பதில் வந்துவிட்டது: ஏற்பது ஒவ்வொருவர் புள்ளியையும் பார்த்துத்தான், உத்தரவாதம் எதுவும் இல்லை என்று. கண்காட்சி மேசையில் கேட்ட பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360 வரை போய்விட்டது. வெளிநாட்டு இரண்டு வருடத்துக்கு 20,000 டொலர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து வைத்தபோது அது 40 இலட்சம். காணி இல்லாத எங்களுக்கு அதுவே பெரிய மலை, என்றாலும் மாமாமார் இருவர் பொறுப்பேற்பதாகச் சொல்லியிருந்தார்கள். மே மாதத்தில் அதே 20,000 டொலர் 72 இலட்சம். மாமா தொலைபேசியில் எதுவும் மறுத்துச் சொல்லவில்லை, "பார்ப்பம்மா" என்றார். அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில், கட்டணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படாது என்று சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், இருந்தது. பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத மொழியில் ஒப்பந்தம் போடுவது எனக்கு இன்றைக்கும் அநியாயமாகவே படுகிறது. கட்டணத்தில் ஒரு பங்காவது வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால், ரூபாய் பாதியாகச் சரிந்தாலும் உங்கள் வீடு தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். தாங்காது என்றால் வேண்டாம்.

ஊருக்கு வந்து முடங்கிக் கிடந்த நாட்களில்தான் கொட்டகலையில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் ஏரோநோட்டிக்கல் முடித்தவர், நல்ல புள்ளிகள். வீட்டுக்குக் கூப்பிட்டு, பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, தன் போனில் சேமித்து வைத்திருந்த ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. எல்லாவற்றிலும் தகுதிப் பகுதியில் ஒரே வரி: இந்தியக் குடியுரிமை. "வகுப்பில இருந்த பிள்ளைங்க எல்லாம் அப்ளை பண்ணிக்கிட்டு இருந்தாங்க, நான் அவங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தேன்" என்றார். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் சின்னத் தாத்தா குடும்பம், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி போய் கோத்தகிரியில் இருக்கிறது. அவருடைய பேரன் படித்தால் அந்தக் கதவு திறக்கும். அதே பாட்டன் வழி வந்த எனக்குத் திறக்காது. மலையகத்தில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை என்ற சொல் எப்படி வலிக்கும் என்று தெரியும்தானே.

இது இந்தியாவில் மட்டும் உள்ள கதையும் இல்லை. அமெரிக்காவில் ஐ.டி.ஏ.ஆர். என்றொரு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி இருக்கிறது. ரொக்கெட்டும் ஏவுகணையும் ஆயுதத் தொழில்நுட்பத்துக்கு மிக நெருக்கம் என்பதால், அந்தத் தகவல்களைத் தொடும் வேலைகளுக்குப் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களையுமே எடுப்பார்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பொதுவாக அதன் உறுப்பு நாட்டவரையே எடுக்கும். திறமை இல்லை என்று எவரும் உங்களைத் தள்ளவில்லை, கடவுச்சீட்டைப் பார்த்துத் தள்ளுகிறார்கள். விமான சேவைகளின் பராமரிப்பு, பயணிகள் விமான உதிரிப்பாகம், ஆராய்ச்சி போன்றவற்றில் இந்தத் தடை குறைவு. ஆனால் ரொக்கெட் படத்தைப் பார்த்துப் பணம் கட்டும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. ரோபோட்டிக்ஸில் பாதுகாப்புத் துறை வேலைகளைத் தவிர்த்தால், தொழிற்சாலை, களஞ்சியம், மருத்துவக் கருவி, விவசாயம் என்று கடவுச்சீட்டு கேட்காத இடங்கள் ஏராளம்.

ரோபோட்டிக்ஸ் பக்கம் என்னை இழுத்தது எங்கள் ஸ்டோர்தான். அப்பா வேலை செய்யும் இடத்தில் ஒரு கலர் சோட்டர் மெஷின் இருக்கிறது. காய்ந்த தேயிலையை மேலே கொட்டினால், அதிரும் தட்டில் பரவி, வரிசை வரிசையான சரிவுக் கால்வாய்களில் விழும். விழும் அந்தக் கணத்தில் கெமரா பார்க்கும். கறுப்பு இலைக்கு நடுவே சிவந்த தண்டோ நாரோ தென்பட்டால், அந்தக் கால்வாயின் வால்வ் மட்டும் கண் சிமிட்டும் நேரத்துக்குத் திறந்து, அழுத்தக் காற்றால் அதை ஊதித் தள்ளிவிடும். நான் ஊரில் இருந்த நேரம் ஒரு கால்வாய் வேலை செய்யாமல் போனது. நல்ல தேயிலைக் குவியலில் ஒரு கோடு மட்டும் தண்டாக விழுந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை அந்தக் கோட்டைப் பெண்கள் கையால் பொறுக்கினார்கள். வந்தவர் மூடியைக் கழற்ற, நான் டோச் லைட் பிடித்தேன். காற்றுக் குழாயில் ஈரம் சேர்ந்து வால்வுக்குள் தேயிலைத் தூள் பசையாகப் படிந்திருந்தது. துடைத்தார், ஒரு வால்வை மாற்றினார், பிறகு லெப்டொப்பை இணைத்து நிற அளவைத் திருத்தினார். இயந்திரம், மின்னணு, மென்பொருள் மூன்றும் ஒரே பெட்டிக்குள். என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். மெக்கட்ரோனிக்ஸ் என்றார். தேயிலை மணக்கும் அந்த அறையில் எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகு பசி எடுத்தது.

இரண்டுக்கும் நடுவில் உள்ள சொந்தத்தையும் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கட்டுப்பாட்டுக் கோட்பாடு, இயக்கவியல், சென்சர் தகவலைச் சுத்தப்படுத்தும் கணிதம் எல்லாம் இரு துறைக்கும் பொது. அப்பலோ விண்கலத்தின் வழிநடத்தலில் பயன்பட்ட கால்மன் வடிகட்டி என்ற கணித முறையைத்தான் இன்று களஞ்சியத்தில் ஓடும் ரோபோவும் தன் இடத்தை அறியப் பயன்படுத்துகிறது. ட்ரோன் இரு பக்கமும் சேர்ந்தது. ஏ.எல். பிரயோக கணிதத்தில் சார்பு வேகமும் எளிமை இசை இயக்கமும் பிடித்திருந்தால் இரண்டிலும் பிழைப்பீர்கள். வித்தியாசம் அன்றாட வேலையில்தான் இருக்கிறது. ஏரோஸ்பேஸில் ஒரு சிறு மாற்றத்தைச் சோதிக்க மாதங்கள் ஆகும். கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, அறிக்கை எழுதி, பாதுகாப்பு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும், பொறுமையும் ஆழமும் உள்ளவர்களுக்கு அது சொர்க்கம். ரோபோட்டிக்ஸில் காலையில் எழுதிய நிரலை மாலையில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஓடாததற்குக் காரணம் நிரலா, தளர்ந்த வயரா, பற்றரியா என்று தேடியே பாதி நாள் போகும்.

பணம் கட்டும் முன் இரண்டையும் சும்மாவே தொட்டுப் பார்க்க முடியும். எக்ஸ்.எஃப்.எல்.ஆர்.5 என்ற இலவச மென்பொருளில் ஓர் இறக்கையை வரைந்து அதன் தூக்குவிசையைப் பாருங்கள். லெப்டொப்பில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ரோபோவுக்கு நிரல் எழுத உதவும் ஆர்.ஓ.எஸ். 2, ரோபோவைத் திரையில் ஓட்டிக் காட்டும் கசீபோ இரண்டையும் இறக்கினால் ரோபோ வாங்காமலே ரோபோ ஓட்டலாம். ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை ஒன்றும் இரண்டு மோட்டரும் வாங்கினால் கையாலும் செய்து பார்க்கலாம். இரண்டு மாதம் இப்படிக் கிடந்தால், எந்தப் பக்கம் சாப்பாட்டை மறக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரே சொல்லிவிடுவார்கள்.

ரோபோட்டிக்ஸ் பெயரிலும் ஏமாற்று உண்டு. ஆர்டுயினோ பெட்டி ஒன்றைக் கொடுத்து, மூன்று மாதம் எல்.ஈ.டி. எரியவைத்து, டிப்ளோமா என்று தருகிறார்கள். நேரியல் அட்சரகணிதமும் இயக்கவியலும் இல்லாத ரோபோட்டிக்ஸ் பாடத்திட்டத்தை விட்டு விலகுங்கள். என் கருத்து இதுதான்: நம்மைப் போன்ற வீடுகளில் முதல் பட்டம் மெக்கானிக்கல், மின், மெக்கட்ரோனிக்ஸ் போன்ற அகலமான ஒன்றாக இருக்கட்டும். பேராதனை, மொறட்டுவை, ஒலுவில், கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், இவற்றில் எதில் இடம் கிடைத்தாலும் எடுங்கள். துறை முதல் கட்டப் படிப்புக்குப் பிறகு புள்ளியைப் பார்த்துத்தான் பிரியும் என்பதால் ஆரம்பத்தில் கடுமையாகப் படியுங்கள். வானூர்திப் பொறியியலே வேண்டும் என்றால் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். நான் திறந்த பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரோனிக்ஸ் படிக்கிறேன். பாடத்துக்குப் பாடம் பணம் கட்டலாம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆய்வுகூடத்துக்கு நாவலவுக்குப் போகும் நாட்களில் ஹட்டனிலிருந்து விடிய முன் பஸ் ஏற வேண்டும். களைப்புத்தான், ஆனால் மீளளிக்கப்படாத தொகை என்று எதுவும் என் தலைக்கு மேல் தொங்கவில்லை.

எங்கே சேர்வதானாலும், அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா என்று அவர்கள் பட்டியலில், துறையையும் வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இலங்கை முழு உறுப்பினரானது. அந்த அங்கீகாரம் உள்ள பட்டத்தை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் மதிக்கும். வெளிநாட்டுப் பட்டமானால் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் நிறுவனமே வழி என்றால், தெரிவு செய்யப்பட்ட பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. உங்கள் பாடநெறி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்காமல் கல்வி அமைச்சின் பக்கத்தில் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு 1947இல் ஆரம்பித்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் புலமைப்பரிசில் கொடுக்கிறது, கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். எங்கள் லயத்தில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

விண்வெளியை நான் விடவில்லை. ஜெர்மனியில் பல அரச பல்கலைக்கழகங்கள் முதுமாணிக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, மெக்கட்ரோனிக்ஸ் முடித்தவர்களை ஏரோஸ்பேஸ் முதுமாணிக்கு எடுக்கும் இடங்களும் உண்டு. விசாவுக்கு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், அதுதான் பெரிய சுமை. அதனால் முதலில் ஐரோப்பிய ஒன்றியம் முதுமாணிக்குக் கொடுக்கும் எரஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறேன். அதில் ரோபோட்டிக்ஸும் இருக்கிறது, விண்வெளியும் இருக்கிறது. பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒக்டோபரில் திறந்து ஜனவரியையொட்டி மூடுகின்றன, ஆகவே இறுதி வருடம் முடியும்வரை காத்திருக்காமல் செப்டெம்பரிலேயே சேர்மாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடுங்கள்.